கண்ணகி கோட்டத்திற்கு ஒருநாள் நடை

நுழையும்முன்

நூலைக் கண்ணால் படிப்பது ஒரு முறை. அந்நூல் கூறும் நிலத்தை நடந்து பார்ப்பது மற்றொரு முறை. தமிழின் முதற்காப்பியமாகிய சிலப்பதிகாரத்தின் இறுதிப் பகுதி மலையில் நிகழ்கிறது. அம்மலை எது என்னும் வினாவுக்கு விடை தேடி நடந்தவர் உண்டு. இன்றும் ஆண்டுக்கு ஒருநாள் நடப்போர் பல்லாயிரவர். அந்த ஒருநாள் நடையை இப்பாடம் விளக்குகிறது.

மலை வழிவிடும் இடமும் வழிவிடாத இடமும்

கேரளத்தையும் தமிழ்நாட்டையும் பிரித்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. இந்நெடுஞ்சுவர் ஓரிடத்தில் மட்டும் அகன்று வழிவிடுகிறது. அதுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய். பாலக்காடு மாவட்டத்தின் வடகரப்பதி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களில் வாழும் தமிழர் கோவைக்குச் செல்ல மலை ஏற வேண்டுவதில்லை. எல்லை எது என்பதைப் பெயர்ப்பலகை சொன்னால்தான் உண்டு. வயலும் பனையும் பேச்சும் இருபுறமும் ஒன்றாகவே இருக்கும்.

கணவாய்க்குத் தெற்கே நிலைமை வேறு. அங்கே ஆனைமலைத் தொடர் எழுகிறது. 2695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அத்தொடரில்தான் உள்ளது. இமயத்திற்குத் தெற்கே இந்தியாவில் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. அதற்கும் தெற்கே ஏலமலைகள் நீண்டு, இடுக்கி மாவட்டத்தையும் தேனி மாவட்டத்தையும் பிரிக்கின்றன. இங்கே ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்ல ஏறித்தான் இறங்க வேண்டும். தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு உழைக்கச் சென்ற தமிழ் மக்களின் முன்னோர், சாலைகள் அமைவதற்கு முன் இம்மலைவழிகளில் சுமையோடு நடந்தே ஏறினர். இடுக்கியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு இத்தகைய ஏற்றத்தில்தான் தொடங்குகிறது.

அவ்வெல்லைமலைகளுள் ஒன்றின் உச்சியில், கடல்மட்டத்திலிருந்து 1337 மீட்டர் உயரத்தில், சிதைந்த கற்கோயில் ஒன்று உள்ளது. தமிழ்நாட்டவர் அதனைக் கண்ணகி கோட்டம் என்பர். கேரளத்தவர் மங்கலதேவி கோயில் என்பர். பெயர் இரண்டாயினும் மலை ஒன்றே.

காப்பியம் காட்டும் வழி

சிலப்பதிகாரம் மூன்று காண்டங்களைக் கொண்டது. சோழநாட்டுப் புகாரில் தொடங்கிய கதை, பாண்டிநாட்டு மதுரையில் துயரத்தின் உச்சியை எட்டி, சேரநாட்டு வஞ்சியில் நிறைவுறுகிறது. கணவனை இழந்து மன்னனிடம் நீதி கேட்ட கண்ணகி, மதுரையின் மேற்கு வாயில் வழியே தனியளாய் வெளியேறுகிறாள். வையையின் கரையைப் பற்றி மேல்நோக்கி நடக்கிறாள். மேடு பள்ளம் பாராமல், இரவு பகல் அறியாமல் நடந்தவள், நெடுவேள் குன்றம் என்னும் மலையில் ஏறி, வேங்கை மரத்தின் நிழலில் நிற்கிறாள். மதுரைத் துயரம் நிகழ்ந்து 14 நாள் கழிந்தபின் அவள் வானுலகு செல்வதைக் குன்றக் குறவர் காண்கின்றனர்.

அதே காலத்தில் சேரன் செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளோடு மலைவளம் காணப் புறப்பட்டுப் பெரியாற்றின் மணற்கரையில் தங்கியிருக்கிறான். மலைபடு பொருள்களோடு வந்த குறவர், தாம் கண்ட வியப்பை அவனிடம் கூறுகின்றனர். உடனிருந்த சாத்தனார் மதுரையில் நிகழ்ந்ததை எடுத்துரைக்கிறார். அரசியின் விருப்பப்படி, இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கண்ணகிக்குக் கோயில் எழுப்புகிறான் செங்குட்டுவன். வையைக்கரை, மேற்கு நோக்கிய நடை, ஓங்கிய குன்றம், குறவர் குடி, அருகே பெரியாறு ஆகிய ஐந்து அடையாளங்களைக் காப்பியம் நமக்குத் தருகிறது.

கால்களால் படித்த அறிஞர்

உ.வே. சாமிநாதையர் 1892-ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்தார். அதன்பின் அக்காப்பியம் பரவலாகப் படிக்கப்பட்டது. எனினும் கண்ணகி ஏறிய குன்றம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. திருச்செங்கோடே அம்மலை என்று கருதியோரும் உண்டு.

தஞ்சையை அடுத்த கரந்தையோடு தொடர்புடைய தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் இவ்வினாவை வேறு வகையில் அணுகினார். நூல் கூறும் வழியை நடந்து சரிபார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கண்ணகியும் கோவலனும் நடந்த வழியைக் காப்பியத்தின் துணைகொண்டு தேடி ஆராய்ந்தார். அத்தேடலின் இறுதியில் 1963-ஆம் ஆண்டு, கூடலூருக்கு மேலே எல்லைமலையில் சிதைந்து கிடந்த கோயிலைக் கண்டு, அதுவே கண்ணகி கோட்டம் என அறிவித்தார்.

அவருடைய முடிவுக்கு நிலமே துணைநிற்கிறது. மதுரையிலிருந்து கூடலூர் வரை சாலைவழியே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதனை 14 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 9 கிலோமீட்டருக்கும் குறைவு. துயரத்தால் தளர்ந்த பெண்ணொருத்தி தனியே நடக்கக்கூடிய தொலைவுதான் அது. மலையின் மேற்குப் புறத்தில் பெரியாறு ஓடுகிறது. அடிவாரத்தில் பளியர் என்னும் பழங்குடி மக்கள் இன்றும் வாழ்கின்றனர். காப்பியம் கூறும் அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தி வருகின்றன. ஒரு தொலைவைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதும், ஆறு எத்திசையில் ஓடுகிறது என்று நோக்குவதும்கூட இலக்கிய ஆராய்ச்சியே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

விடியற்காலைப் புறப்பாடு

சித்திரை மாதத்து முழுநிலவு நாளில் மட்டுமே இம்மலைக்குச் செல்ல மக்களுக்கு அனுமதி உண்டு. மேலேறும் வழிகள் இரண்டு. மேற்கே குமுளியிலிருந்து காட்டுச்சாலை வழியாக ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அவ்வழியில் அனுமதி பெற்ற ஜீப்புகள் செல்லும். கிழக்கே கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து ஒற்றையடிப் பாதையாக ஆறரைக் கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அவ்வழியில் கால்களே ஊர்தி.

ஆறரைக் கிலோமீட்டர் என்றவுடன் எளிது எனத் தோன்றும். சமவெளியில் ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் தொலைவுதான். மலையில் கணக்கு வேறு. கம்பம் பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து உச்சி 900 மீட்டருக்கும் மேல். ஒரு மாடிக்கு 3 மீட்டர் எனக் கொண்டால், 300 மாடிக் கட்டடம் ஒன்றைப் படியேறிக் கடப்பதற்கு அது நிகர். படிக்கட்டுக்கு ஒரே அளவும் கைப்பிடியும் உண்டு. மலைப்பாதைக்கு இரண்டும் இல்லை.

ஆகவே நடப்போர் இருள் விலகும்போதே அடிவாரத்தில் திரள்கின்றனர். தோளில் தண்ணீர்க் குடுவை, துணியில் கட்டிய சோறு, தலையில் துண்டு. இவையே அவர்தம் மூட்டை. ஞெகிழிப் பைகளும் குடுவைகளும் சோதனைச் சாவடியிலேயே தடுக்கப்படுகின்றன. ஆடவரும் பெண்டிரும் முதியோரும் சிறுவரும் ஒரே வரிசையில் நடக்கத் தொடங்குகின்றனர்.

ஏற்றம்

முதல் அரைமணி நேரத்தில் இளைஞர் முந்துகின்றனர். அடுத்த அரைமணி நேரத்தில் அவர்களே பாறைகளில் அமர்ந்து மூச்சு வாங்குகின்றனர். அவர்களைக் கடந்து, சிறுசிறு அடியாக, ஒரே சீராக, மூதாட்டியர் ஏறிச் செல்கின்றனர். மலையேற்றத்தின் முதற்பாடம் இதுவே. விரைவு உடலை ஏமாற்றும். சீர்மையே உயரத்தைக் கடக்கும். அருகில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் தக்க வேகம். பேச்சுத் தடைப்பட்டால் நடை மிகுந்துவிட்டது என்று பொருள்.

பாதை மேற்கு நோக்கி ஏறுவதால் காலைக்கதிரவன் முதுகில் சுடுகிறான். கீழ்ச்சரிவில் மரங்கள் நிழல் தருகின்றன. மேலே செல்லச் செல்ல மரங்கள் குறைந்து புல்வெளி விரிகிறது. அங்கே நிழல் இல்லை, காற்று உண்டு. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறரை செல்சியசு குறையும். அதனால் வியர்வை உலர்ந்து, களைப்பு இல்லாததுபோல் தோன்றும். ஆயினும் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் பருகுவோரே பின்னர்த் தலைசுற்றாமல் நிற்கின்றனர். கோடையில் காய்ந்த புல் பாசி படிந்த பாறையைப்போல் வழுக்கும் என்பதை முதன்முறை ஏறுவோர் விழுந்துதான் அறிகின்றனர்.

செங்குத்தான இடங்களில் முன்னே செல்பவர் கை நீட்டுகிறார். பின்னே வருபவர் பற்றிக்கொள்கிறார். நீட்டிய கை எவ்வூரைச் சேர்ந்தது என்று அங்கே யாரும் வினவுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

மலைவழி காட்டுதல் தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது, இயற்றியவர் பெருங்கௌசிகனார். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், நன்னனைக் காணச் செல்லும் மற்றொரு கூத்தனுக்கு வழி கூறுவதாக அமைந்தது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் இடங்கள் என வழியின் இடர்களை ஒவ்வொன்றாக அது எச்சரிக்கிறது. முன்னே நடந்தவர் பின்னே வருபவருக்குக் கடமைப்பட்டவர் என்பதே ஆற்றுப்படை நூல்களின் அடிப்படை அறம்.

உச்சியில்

ஏற்றம் முடியும் இடத்தில் கருங்கல் மதில் தென்படுகிறது. கோயில் முழுமையாக இல்லை. பெயர்ந்த கற்கள், சரிந்த கற்சுவர், எழுத்துப் பொறித்த கல்வெட்டுகள் எனக் காலம் விட்டுவைத்தவை மட்டுமே நிற்கின்றன. அந்த ஒருநாள் மட்டும் அங்கே விளக்கு ஏற்றப்படுகிறது. தமிழ்நாட்டு முறைப்படியும் கேரள முறைப்படியும் பூசைகள் நடைபெறுகின்றன. தமிழும் மலையாளமும் ஒரே வரிசையில் ஒலிக்கின்றன.

இவ்விடம் யாருக்கு உரியது என்பதில் இரு மாநிலங்களுக்கும் இடையே நெடுங்கால வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு தீராத நிலையிலும், ஆண்டுதோறும் விழாவுக்கு முன் இடுக்கி, தேனி மாவட்ட ஆட்சியர்கள் ஒன்றாக அமர்ந்து குடிநீர், மருத்துவம், காவல், பாதை ஆகியவற்றைத் திட்டமிடுகின்றனர். கருத்து வேறுபட்டோர் ஒரு கடமையில் ஒன்றுபட முடியும் என்பதற்கு இது சான்று.

மதிலருகே நின்று கிழக்கே நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கு கீழே பசுமையாக விரிந்திருக்கும். அப்பசுமைக்குக் காரணம் மலையின் மறுபுறத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையை மேற்குச் சரிவு பெற்றுக்கொள்வதால் கிழக்குப் புறம் மழைமறைவு நிலமாகும். 1895-ஆம் ஆண்டு பென்னிகுயிக் என்னும் பொறியாளர் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கவழியாக நீர் கிழக்கே இறங்கி வையையோடு சேர்கிறது. கண்ணகி வையைக்கரையைப் பற்றி மேற்கே ஏறினாள். அவள் கதையைச் செங்குட்டுவன் கேட்ட பெரியாற்றின் நீர் இன்று மலையைத் துளைத்து, அவள் வந்த வழியே மதுரை நோக்கிச் செல்கிறது. வரைபடத்தில் இதனைக் காணலாம். மலையுச்சியில் நிற்பவருக்கோ, இருபுறமும் ஒருங்கே கண்முன் கிடக்கும்.

காடும் கட்டுப்பாடும்

ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் ஏன் என்று சிறுவர் வினவுவது இயல்பு. கோயிலைச் சூழ்ந்திருப்பது பெரியாறு புலிகள் காப்பகம். 1978-ஆம் ஆண்டு முதல் புலிகள் காப்பகமாக விளங்கும் இக்காட்டில் யானை, காட்டெருது, கடமான் முதலியன வாழ்கின்றன. மனிதர் ஒருநாள் வந்து செல்லும் வழி, எஞ்சிய நாளெல்லாம் அவற்றின் வழி. ஒலிபெருக்கி, தீ, ஞெகிழி ஆகியவற்றுக்கு விதிக்கப்படும் தடை மனிதருக்கு இடையூறு செய்வதற்காக அன்று; வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் வீட்டினுள் செல்லும் விருந்தினர் காக்க வேண்டிய ஒழுங்கே அது.

தீயைப் பற்றிய எச்சரிக்கைக்கு ஆழ்ந்த காரணம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில், கோடையில் காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையில் தீ மேல்நோக்கி விரையும். மனிதர் மேல்நோக்கி விரைய இயலாது. கோடைமலையில் எறியப்படும் ஒரு நெருப்புத்துண்டின் விலை எத்தகையது என்பதை அந்நாள் காட்டிற்று.

இறக்கம்

பிற்பகலுக்குப் பின் மேலே ஏற எவருக்கும் அனுமதி இல்லை. இருட்டுவதற்குள் அனைவரும் இறங்கிவிட வேண்டும். ஏறியவருக்கு இறக்கம் எளிது என்று பலர் எண்ணுகின்றனர். ஏறும்போது உழைப்பது மூச்சு. இறங்கும்போது உழைப்பது முழங்கால். ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தொடைத்தசைகள் தாங்கி நிறுத்துகின்றன. மறுநாள் தொடையில் தோன்றும் வலி பெரும்பாலும் இறக்கத்தின் வலியே. களைத்த கால் கவனத்தை இழப்பதால் சறுக்கல்களும் இறக்கத்தில் மிகுகின்றன. ஆதலால் அறிந்தோர் முழங்காலைச் சற்றே மடக்கி, குறுகிய அடி வைத்து இறங்குகின்றனர்.

சித்திரையில் மாலைநேரத்து இடிமழையும் உண்டு. மேகம் கறுக்கும்போது திறந்த புல்வெளியின் முகட்டிலோ தனிமரத்தின் அடியிலோ நிற்றல் கூடாது. இயன்றவரை விரைவாகத் தாழ்வான பகுதிக்குச் செல்வதே அறிவுடைமை.

மாலையில் பளியன்குடியை அடைவோர் திரும்பி மலையை நோக்குகின்றனர். காலையில் உயரமாக மட்டுமே தெரிந்த குன்றம், இப்பொழுது எங்கே நிழல், எங்கே வழுக்கல், எங்கே முதியவர் ஒருவர் கைகொடுத்தார் என்னும் விவரங்களோடு தெரிகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மலையேறினாள் என்னும் செய்தி சில அடிகளில் முடிந்துவிடும். அச்சில அடிகளுக்குள் எத்தனை ஆயிரம் காலடிகள் அடங்கியுள்ளன என்பதை நடந்தவரே முழுதும் உணர்வர். அவர்களுக்கேனும் கையில் சோறும் நீரும் உண்டு, உடன்வருவோர் உண்டு, இறங்கிச் செல்ல வீடு உண்டு. அவை ஒன்றும் இல்லாமல் ஏறிய ஒருத்தியின் துயரத்தை நினைந்தே, மொழி இரண்டாகியும் எல்லை இரண்டாகியும், மக்கள் ஆண்டுதோறும் அம்மலை ஏறுகின்றனர்.

சொல்லும் பொருளும்

கோட்டம் – கோயில்
கணவாய் – மலைத்தொடரின் இடையே அமைந்த வழி
முகடு – உச்சி
கவண் – கல்லெறியும் கருவி
பரிசில் – புலவர், கலைஞர் பெறும் கொடை
ஞெகிழி – பிளாஸ்டிக்
மழைமறைவு – மலை தடுப்பதால் மழை குறைந்த பகுதி

இலக்கணக் குறிப்பு

கருங்கல் – பண்புத்தொகை
ஆடவரும் பெண்டிரும் – எண்ணும்மை
நடந்த வழி – பெயரெச்சம்
தீராத நிலை – எதிர்மறைப் பெயரெச்சம்

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக.
1. நெடுங்குன்றம்
2. கற்சுவர்
3. கருங்கல்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கண்ணகி ஏறிய குன்றத்தைக் கண்டறியக் காப்பியம் தரும் அடையாளங்கள் யாவை?
2. மலையேற்றத்தில் தக்க வேகத்தை எவ்வாறு அறியலாம்?
3. கிழக்குச் சரிவு மழைமறைவு நிலமாயினும் கம்பம் பள்ளத்தாக்கு பசுமையாக இருப்பது ஏன்?

இ. விரிவாக விடை எழுதுக.
1. ‘நடந்து பார்ப்பதும் ஒருவகைப் படிப்பே’ என்பதைக் கோவிந்தராசனாரின் தேடல்வழி நிறுவுக.
2. ஆண்டுக்கு ஒருநாள் மட்டுமே அனுமதி என்னும் கட்டுப்பாடு தேவையா? காட்டின் நலம், மக்களின் விருப்பம் ஆகிய இரண்டையும் எண்ணி உன் கருத்தை எழுதுக.

ஈ. செய்து பார்க்க.
உன் குடும்பத்தின் முன்னோர் எவ்வூரிலிருந்து, எவ்வழியாக, எவ்வாறு இவ்வூருக்கு வந்தனர் என்பதை வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டறிக. அவ்வழியை வரைபடத்தில் குறித்து, வழியிலுள்ள ஆறு, மலை, ஊர்களின் பெயர்களை எழுதுக. பின்னர் அவ்வழியே புதிதாக வரும் ஒருவருக்கு வழி கூறுவதுபோல் பத்துத் தொடர்களில் ஓர் ஆற்றுப்படை அமைக்க.